ஒரு பிடி மண்ணின் சாட்சியம்

காவிரிப் பாசன ஜில்லாக்களில் சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, வைக்கோல் போர் ஏறி, வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கோடைக்காலமே வயல் மண்ணை எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பத் தகுந்த பருவமாகும். அப்பொழுது பயிர் இல்லை, எரு போடவில்லை, தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. விவசாய இலாகாவினர் இதற்கென்று கோடைதோறும் பிரசாரம் செய்து வருவதும், மண்வள அட்டை வழங்கும் வைபவங்களில் பிரமுகர்கள் மாலையும் கழுத்துமாகப் புகைப்படத்திற்கு நிற்பதும் நேயர்கள் அறிந்த விஷயமே. இக்காரியத்தை நாம் குறை கூறப் புகவில்லை. குடியானவனுக்கு அவனுடைய நிலத்தின் குணத்தை எடுத்துச் சொல்வதைக் காட்டிலும் ஸர்க்கார் செய்யக்கூடிய உபகாரம் சிலவே. ஆயினும், எந்த ஒரு பிடி மண்ணை ஆதாரமாகக் கொண்டு இவ்வளவு பெரிய காரியம் நடைபெறுகிறதோ, அந்தப் பிடி மண் யாருடைய நிலத்தில், யார் முன்னிலையில், எவ்வாறு எடுக்கப்பட்டது என்று கேட்போர் மிகச் சிலராகவே இருக்கின்றனர். சாட்சியம் வந்த வழியை விசாரியாமல் தீர்ப்பை மட்டும் கையில் வாங்கிக் கொள்வது நியாயஸ்தலத்தில் பழகிய நமக்குச் சற்று விநோதமாகத் தோன்றுகிறது.

வயலில் இறங்கி மண்ணை எடுத்துப் பார்க்கும் உத்தியோகஸ்தர் நமது கிராமங்களுக்குப் புதியவரல்லர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை ராஜதானியில் ஸர்வே, ஸெட்டில்மெண்டு இலாகாவினர் ஊர் ஊராகச் சென்று மண்ணைக் கையிற் கசக்கிப் பார்த்து, கரிசல், செவ்வல், வண்டல், மணல் என்று வகுத்து, ஒவ்வொரு வகையிலும் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று மேலும் பிரித்து, புலத்துக்குப் புலம் ‘தரம்’ நிர்ணயித்தார்கள். அந்தத் தரத்தின்மேல் தீர்வை ஏறிற்று. இன்றும் கிராம ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால் ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கலம் இருக்கக் காணலாம். அக்காலத்து ரயத்து தனது நிலத்தை மட்டம் என்று சொல்லவே பாடுபட்டான். அதிகாரி எந்த மூலையில் குனிந்து மண்ணை அள்ளுவார், அந்த மூலை உவராக இருந்தால் தேவலை என்பதே அவனது பிரார்த்தனை. மண்ணை எடுக்க வந்தவரைக் கண்டால் நமது முதியவர்கள் முகம் சுருங்குவதற்கு இந்தப் பரம்பரை ஞாபகமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே காலத்தில், 1889-ஆம் வருஷத்தில், இங்கிலாந்திலிருந்து வோல்க்கர் என்னும் ரஸாயன நிபுணரை இந்திய விவசாயத்தைச் சீர்திருத்த யோசனை கூறும்படி அனுப்பினார்கள். அவர் தேசமெங்கும் சுற்றி 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியக் குடியானவன் ஒன்றும் தெரியாதவன் என்ற கூற்றை மறுத்து, சராசரி ஆங்கிலேய விவசாயிக்கு அவன் எவ்வகையிலும் குறைந்தவனல்லன், சில விஷயங்களில் மேலானவன் என்றே எழுதினார். உபதேசம் செய்ய வந்தவர் பாடம் கற்றுக்கொண்டு போனார் எனலாம். நமது மாகாணத்திலேயே கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரி நிலத்தில் 1909-ஆம் ஆண்டு தொடங்கிய நிரந்தர எருப் பரீக்ஷை நூறாண்டைத் தாண்டியது. ஒரே நிலத்தை ஆண்டாண்டாக அதே முறையில் பயிர் செய்து, அதே முறையில் மண்ணெடுத்துச் சோதித்து வந்ததனாலேதான் அதற்கு மதிப்பு ஏற்பட்டது. ஆகவே மண் பரிசோதனை நமக்கு நேற்று வந்த நாகரிகமன்று. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்களும் நம்மிடையே இல்லாமலில்லை.

இனி, கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தில் உழவு மண் மட்டும், அதாவது மேலாக 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் உள்ள மண், ஏறக்குறைய எட்டு லக்ஷம் கிலோ எடையுள்ளது. அதிலிருந்து பரிசோதனைச் சாலைக்குப் போவது அரைக் கிலோ. அங்கே, 1956-இல் சுப்பையாவும் அஸிஜாவும் வகுத்த முறையில் தழைச்சத்தைக் காண 20 கிராமும், கரிமப் பொருளைக் காண ஒரு கிராமோ அதற்கும் குறைவோ எடுத்து நிறுக்கிறார்கள். எட்டு லக்ஷம் கிலோவின் பேரில் அந்த ஒரு கிராம் பேசுகிறது! தராசு துல்லியமானது, ரஸாயனங்கள் சுத்தமானவை, யந்திரங்கள் விலையுயர்ந்தவை. இவற்றின் பிழை நூற்றுக்கு இரண்டோ மூன்றோ இருக்கலாம். ஆனால் வயலில் மண்வெட்டி பிடித்தவன் செய்த பிழையை உலகத்திலுள்ள எந்த யந்திரமும் திருத்தித் தராது. பொய்ச் சாட்சியைக் கூண்டிலேற்றினால் எவ்வளவு பெரிய நியாயாதிபதியும் பொய்த் தீர்ப்பே கூற வேண்டியவராகிறார்.

முறையைச் சொல்லிவிடுகிறோம், இதில் பண்டிதத்தனம் ஒன்றுமில்லை. நிறம், மேடு பள்ளம், பாசனம், சென்ற பருவத்துப் பயிர் இவற்றில் வித்தியாசமுள்ள நிலங்களைத் தனித்தனியே கொள்ள வேண்டும். ஒரே மாதிரியான நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களைக் குறித்துக் கொள்க. வரப்போரம், வாய்க்கால் கரை, மர நிழல், எருக்குப்பை கிடந்த இடம், ஆட்டுக்கிடை போட்ட இடம் இவற்றை விலக்குக. குறித்த இடத்தில் மேலே கிடக்கும் தாளையும் சருகையும் மட்டும் கையால் நீக்கி, மண்ணைச் சுரண்டாமல், ஆப்பு வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, அந்த மண்ணை வெளியே தள்ளிவிட்டு, குழியின் சரிந்த சுவரில் மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரே சீராகச் சீவி எடுக்க வேண்டும். மேல்மண்ணை மட்டும் வழித்தால் சத்து அதிகமென்று வரும். ஒரு முழம் ஆழத்திலிருந்து எடுத்தால் சத்தேயில்லை என்று வரும். எல்லா இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து, சுத்தமான சாக்கில் வட்டமாகப் பரப்பி, நான்கு பாகமாக்கி, எதிரெதிர்ப் பாகம் இரண்டைத் தள்ளி, மீதியை மறுபடி கலந்து மறுபடி நான்காக்கி, அரைக் கிலோ மிஞ்சும் வரையில் இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்ட வேண்டும். தென்னை, மா முதலிய மரங்களுக்கு மூன்றடிவரை குழிவெட்டி அடிக்கு அடி தனித்தனியே எடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு வயலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

இந்த ஒரு மணி நேரத்தைச் சுருக்கினால் என்ன நேருகிறது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் போதும். நமது மாகாணத்தில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழிருந்தால் குறைவு என்றும், 22 கிலோவுக்கு மேலிருந்தால் அதிகம் என்றும் வகுத்திருக்கிறார்கள். குறைவுக்கும் அதிகத்துக்கும் இடையே உள்ளது பதினொரே கிலோ. அதுவும் ஒரு ஹெக்டேரின் இருபது லக்ஷம் கிலோ மண்ணிற் பரவியிருப்பது. அரைக் கிலோ மாதிரியில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மில்லிகிராமுக்குத்தான் வருகிறது. சற்றுப் பருத்த டி.ஏ.பி. உரக் குருணை ஒன்றில் அதற்கு மேலேயே மணிச்சத்து அடங்கியிருக்கிறது. காலியான உரச் சாக்கை உதறி அதில் மண்ணைப் பரப்புகிறவர், ஒரே ஒரு குருணையைச் சேர்த்துவிட்டாலும், ஏழை நிலத்தைத் தனவந்த நிலமாக்கிவிடக் கூடும். இவ்வாறே துத்தநாகப் பூச்சுள்ள வாளியில் மண்ணை அள்ளினால் துத்தநாகமும், துருப்பிடித்த கொத்தால் வெட்டினால் இரும்பும் அறிக்கையில் தாராளமாகத் தோன்றும். நெல் வயலில் துத்தநாகக் குறைவினால் பயிர் மஞ்சளித்துக் குன்றி நிற்கையில், அட்டையோ குறைவில்லை என்று சொல்லிக் கொண்டிருக்கும். நுண்ணூட்டங்களைச் சோதிக்க வேண்டுமானால் மரக் கொத்தோ, துருவேறாத எஃகுக் கருவியோ, பிளாஸ்டிக் வாளியோ உபயோகிக்க வேண்டுமென்று நிபுணர்கள் சொல்வது இதனாலேதான். இதைக் கேட்டுச் சிரிக்கும் உத்தியோகஸ்தரையும் நாம் கண்டதுண்டு.

நமது சொந்த அனுபவத்தில் ஒன்று. சில வருஷங்களுக்கு முன்பு நமது கிராமத்துப் பிதிரார்ஜித நிலத்துக்கு ஒரு மண்வள அட்டை வந்தது. அதில் கண்ட பெயர் காலஞ்சென்ற நமது தகப்பனாருடையது. நிலத்தைக் குத்தகைக்கு உழுது வரும் பெரியவரைக் கேட்டோம். நண்பகலில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, சாலையோரத்து வயலில், வரப்பிலிருந்து நாலடி தள்ளி இரண்டு கொத்துக் கொத்தி எடுத்துக்கொண்டு போனார் என்றும், அவ்வயல் நம்முடையதன்று, அடுத்த பங்காளியுடையது என்றும் அவர் சொன்னார். பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வக்கீலய்யா, உழுகிறவன் பேர் இதிலே எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். நம்மால் பதில் சொல்ல இயலவில்லை.

இஃது ஏதோ ஒரு சிப்பந்தியின் அசிரத்தை என்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. அடுத்த வயலில் எடுத்த மண்ணுக்கு நமது பெயரில் அட்டை வந்தது திட்டத்தின் விதிக்கு முற்றிலும் இணங்கியதே. 2015 பிப்ரவரி 19-ஆம் தேதி ராஜஸ்தானத்தில் சூரத்கர் என்னுமிடத்தில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலமானால் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியானால் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் போட்டு வைத்தார்கள். ஒரு கட்டத்துக்குள் எத்தனை பேர் நிலம் இருந்தாலும், அத்தனை பேருக்கும் அந்த ஒரு மாதிரியின் முடிவையே அட்டையாக வழங்கினார்கள். 2015 முதல் 2017 வரையிலான முதற் சுற்றில் பரிசோதித்த மாதிரிகள் ஏறக்குறைய இரண்டரைக் கோடி. வழங்கிய அட்டைகள் பத்தே முக்கால் கோடி. அதாவது ஒரு பிடி மண்ணுக்கு நான்கு அட்டைக்கு மேல். 2015-16-ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர். இரண்டரை ஹெக்டேர்க் கட்டத்தில் மூன்று பேருக்கு மேல் அடங்குகிறார்கள். மானாவாரிக் கட்டத்தில் பதின்மூன்று பேர். ஒருவருடைய வழக்கில் எடுத்த வாக்குமூலத்தைக் கொண்டு பதின்மூன்று வழக்குகளில் தீர்ப்பெழுதினால் அதை நியாய பரிபாலனமென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நிலத்துக்கு நிலம் அவ்வளவு பேதம் உண்டா என்று பட்டணத்தார் கேட்கலாம். தலைமடையிலுள்ள வயலுக்கும் கடைமடையிலுள்ள வயலுக்கும் உள்ள பேதத்தைத் தஞ்சாவூரில் பள்ளிக்கூடத்துச் சிறுவனும் அறிவான். வருஷந்தோறும் வண்டல் ஏறும் வயலும், வடிகால் இன்றி உப்புப் பூத்த வயலும் ஒரே வரப்பின் இருபுறத்திலும் இருக்கக் காண்கிறோம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் நாகப்பட்டினக் கரையோர வயல்களில் கடல்நீர் புகுந்தபோது, மேட்டு வயல்களில் உப்பு விரைவில் கழுவுண்டது. பள்ளத்து வயல்களில் தங்கிற்று. களர் மண்ணுக்கு ஜிப்சமும் புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பும் இடுவது மருந்து. பேதியால் வருந்துகிறவனுக்கு மலச்சிக்கல் மருந்தைக் கொடுத்தால் என்னவாகுமோ, மண் மாறிப்போன அட்டையை நம்பினால் அதுவே ஆகும்.

ஸர்க்காரே இந்தக் குறையைக் கண்டுகொண்டது. 2019-20-இல் வட்டாரத்துக்கு ஒரு கிராமமாக ஏறக்குறைய ஏழாயிரம் கிராமங்களை மாதிரிக் கிராமங்களென்று தேர்ந்தெடுத்து, அங்கே கட்ட முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு விவசாயியின் நிலத்திலும் அவரவர் ஒத்துழைப்புடன் மண்ணெடுக்கும்படி உத்தரவு செய்தார்கள். எதிர்க்கட்சி தானே ஒப்புக்கொண்ட சங்கதிக்கு வேறு ருசு வேண்டுவதில்லை. ஏழாயிரம் கிராமங்களில் சரியென்று கண்டது எஞ்சிய லக்ஷக்கணக்கான கிராமங்களில் எப்படித் தப்பாகும்? இப்போது மண்ணெடுக்குமிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்கிறது. நல்லதே. ஆனால் உத்தியோகஸ்தர் எந்த இடத்தில் நின்றார் என்பதைத்தான் செயலி சொல்லும். எவ்வளவு ஆழம் வெட்டினார், எத்தனை இடத்தில் வெட்டினார் என்பதை அருகில் நிற்கும் குடியானவனே சொல்ல வேண்டும்.

ஆகையால் நாம் கேட்பது இதுதான். வியாபாரி விற்கும் எண்ணெயில் கலப்படம் உண்டென்று சந்தேகித்தால், 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, அதிகாரியானவர் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை நான்கு பாகமாக்கி முத்திரையிட்டு, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பி, இரண்டைப் பத்திரப்படுத்த வேண்டும். வியாபாரி கோரினால் மற்றொன்று வேறு பரிசோதனைச் சாலைக்குப் போகும். பகுப்பாய்வாளரின் முடிவின் மேல் அப்பீலுக்கும் வழியுண்டு. ஒரு டின் எண்ணெய்க்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கையில், ஒரு குடும்பத்தின் ஜீவனத்துக்கு ஆதாரமான மண்ணுக்கு ஏன் இருக்கக் கூடாது? மாதிரி எடுக்கும் நாளை முன்கூட்டித் தண்டோரா மூலமோ கைப்பேசி மூலமோ அறிவிக்கட்டும். உழுகிறவன் சொந்தக்காரனாயினும் குத்தகைதாரனாயினும் அவன் முன்னிலையில் எடுக்கட்டும். நான்காகப் பகுத்துத் தள்ளும் மண்ணில் அரைக் கிலோவை எதிர்மாதிரியாகக் கட்டி, ஸர்வே எண்ணும் தேதியும் எழுதி, கையொப்பமிட்டு அவனிடமே கொடுக்கட்டும். முடிவில் சந்தேகம் தோன்றினால் அவன் அதை வேறிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், புதிய இலாகாவும் வேண்டாம். ஒரு துணிப்பை அதிகம் வேண்டும்.

சிப்பந்திகள் போதாது என்று இலாகாவினர் கூறுவது பெரும்பாலும் உண்மையே. பல கிராமங்களைக் கட்டிக்கொண்டு அழும் உதவி விவசாய அலுவலரிடம், விதைக் கணக்கு, மானியக் கணக்கு, காப்பீட்டுக் கணக்கோடு, இத்தனை நாளுக்குள் இத்தனை நூறு மாதிரி என்ற இலக்கையும் சுமத்தினால், அவர் சாலையோர வயலோடு திரும்புவதில் ஆச்சரியமில்லை. குற்றம் அவருடையதன்று, எண்ணிக்கையை மட்டும் கேட்கும் மேலிடத்தினுடையது. இருபத்திரண்டு கோடிக்கு மேல் அட்டைகள் வழங்கியாயிற்று என்று பெருமை கொள்கிறார்கள். அவற்றில் எத்தனை கோடி அட்டைகள் அதில் பெயர் கண்டவனுடைய மண்ணிலிருந்தே பிறந்தவை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நாமும் அப்பெருமையிற் கலந்துகொள்வோம்.

இதில் பண விஷயமும் இருக்கிறது. 2010-இல் சத்துக்கணக்கில் மானியம் வழங்கும் முறை வந்தபோது யூரியாவை அதிலிருந்து விலக்கி, அதன் விலையை மட்டும் ஸர்க்கார் கட்டி வைத்தார்கள். மற்ற உரங்களின் விலை ஏறிற்று. மலிவானதை அள்ளிக் கொட்டும் வழக்கம் இதனாலேயே வலுத்தது. இதை உபந்நியாசத்தால் மாற்ற முடியாது. ‘உன் வயலில் மணிச்சத்து மிகுதியாக இருக்கிறது, இந்தப் பருவம் டி.ஏ.பி. மூட்டையைக் குறைத்துக் கொள்’ என்று அவன் நம்பக்கூடிய ஒரு சீட்டுச் சொன்னால் அவன் குறைத்துக் கொள்வான். மூட்டை விலை அவன் கைக்காசு. நம்பக்கூடியதாக இல்லாவிட்டால் சீட்டு பரணில் ஏறும். நாம் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் பரணில்தான் இருக்கிறது.

தேச சேவையில் ஈடுபட்டுள்ள இளைஞர்களுக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. மேடையில் விவசாயிகளின் துயரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர், அதே ஒரு மணி நேரத்தில் ஒரு வயலின் மண்ணை முறையாக எடுத்துக் கொடுக்கலாம். மே முதல் தேதியன்று கிராம சபைகள் கூடும். மண்ணெடுப்பது உழுகிறவன் முன்னிலையில் நடக்க வேண்டுமென்றும், எதிர்மாதிரி அவனிடம் இருக்க வேண்டுமென்றும், குத்தகைதாரன் பெயரும் அட்டையில் ஏற வேண்டுமென்றும் அன்று ஒரு தீர்மானம் நிறைவேற்றி, ஊரின் ஸர்வே எண்களையும் உழுகிறவர்களின் பெயர்களையும் ஜாப்தாவாக எழுதி அதனுடன் இணைக்க வேண்டும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்னால் ஆறு வாரங்கள் இருக்கின்றன. மரக் கொத்தை ஊர்த் தச்சரே செய்து தருவார். பைக்குப் பழைய வேஷ்டித் துண்டு போதும். சவுக்காரம் போக இரண்டு தண்ணீர் அலசிக் கொள்ள வேண்டும்.